கையில் இல்லாத கைத்துப்பாக்கி

விளக்கை ஏந்துவர், விறகைச் சுமப்பர், குழந்தையை இடுக்கிக்கொள்வர், நகையை அணிவர், கத்தியை இடுப்பில் செருகுவர். ஆங்கிலம் இவற்றுள் பலவற்றைக் ‘கேரி’ என்னும் ஒற்றை வினைக்குள் அடக்கிவிடும். ஆயுத வரலாற்றைப் படிப்பவருக்கு இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஒரு துப்பாக்கி ஏந்தப்பட்டதா, சுமக்கப்பட்டதா, அணியப்பட்டதா, செருகப்பட்டதா என்று கேட்டால், அது எதற்காக வைத்திருக்கப்பட்டது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். மீதிப் பாதி, அது யாருடைய உடலின்மேல் இருந்தது என்பதில் இருக்கிறது. துப்பாக்கிகளைப் பற்றிய நூல்கள் குழலின் நீளத்தையும் தோட்டாவின் விட்டத்தையும் அங்குல நூற்றில் ஒரு பங்குவரை பதிவு செய்கின்றன. அந்த இரும்பு நாள் முழுவதும் எங்கே தொங்கியது என்பதைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோகின்றன.

கைத்துப்பாக்கி என்ற பெயர் சற்றே ஏமாற்றக்கூடியது. வேட்டைக்குச் செல்பவரின் ஒரு நாளைக் கணக்கிட்டால், அது கையில் இருக்கும் நேரம் சில நிமிடங்கள். பல நாள்களில் அதுவும் இல்லை. ரைபிள் தோளில் தொங்கினாலும் கையில் இருந்தாலும் ஒரு கையின் கவனத்தையேனும் கேட்டுக்கொண்டே இருக்கும். கைத்துப்பாக்கியோ கையை விடுவிப்பதற்காகவே உருவானது. கடிவாளத்தைப் பிடிக்க, பாறையில் தொற்றி ஏற, துடுப்புப் போட, புதரை விலக்க இரு கைகளும் வேண்டும். ஆயினும் வேண்டிய கணத்தில் ஆயுதம் கைக்கு வந்துவிட வேண்டும். கையில் இல்லாமலிருப்பதே அதன் முதல் பயன்.

பெரிய விலங்கை வீழ்த்தும் கைத்துப்பாக்கி என்று வரும்போது இந்த ஏற்பாடு தன்னோடு தானே முரண்படத் தொடங்குகிறது. கான்பூர் தளவாட ஆலையின் 0.32 ரிவால்வர் ஏறக்குறைய 700 கிராம் எடையுள்ளது; சட்டைக்கடியில் இருந்தாலும் ஓரளவு மறந்துவிடலாம். அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 2003இல் வெளியிட்ட 0.500 மேக்னம் ரிவால்வர், எட்டேகால் அங்குலத்துக்கும் சற்றுக் கூடுதலான குழலோடு, இரண்டு கிலோ எடையுள்ளது. இரண்டு கிலோ அரிசியை இடைவாரின் ஒரு பக்கத்தில் மட்டும் கட்டிக்கொண்டு ஒரு நாள் மலையேறினால் அதன் பொருள் விளங்கும். ஆற்றல் கூடக் கூட எடை கூடும். எடை கூடக் கூட அதை உடலோடு வைத்திருக்கும் ஆசை குறையும். கூடாரத்தில் விட்டுச் சென்ற துப்பாக்கியைவிடச் சிறிய கத்தி மேல் என்று களத்தில் இருப்பவர்கள் சொல்வதில் மிகையில்லை.

இம்முரண்பாட்டுக்கு இந்திய மண்ணில் கிடைத்த விடை விசித்திரமானது: துப்பாக்கியை யானை சுமக்கட்டும் என்பதே அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வங்காளத்திலும் நேபாளத்தை ஒட்டிய தராய்ப் பகுதியிலும் ஆள் உயரத்தை மிஞ்சும் புல்வெளிகளில் புலி வேட்டை யானைமீது அமர்ந்தே நடந்தது. யானையின் முதுகில் பூட்டிய இருக்கைக்கு ‘ஹவுதா’ என்று பெயர். தமிழில் பாரசீக வழி வந்த அம்பாரி என்ற சொல் நெடுங்காலமாகவே வழங்குகிறது. வேட்டைக்குரிய அம்பாரி, கோயில் ஊர்வலத்திலும் தசராவிலும் காணும் அலங்கார அம்பாரியைப் போன்றதன்று. மரச் சட்டமும் பிரம்புப் பின்னலும் கொண்ட எளிய பெட்டி அது. முன்னறையில் வேட்டைக்காரர், பின்னறையில் துப்பாக்கிகளை நிரப்பிக் கொடுக்கும் உதவியாளர், பக்கங்களில் துப்பாக்கிகளைச் சாய்த்து வைக்கும் தாங்கிகள். இந்தச் சிறு கோட்டையில் உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளூர இருந்த அச்சம் ஒன்றுதான். காயம்பட்ட புலி யானையின் தலையிலோ பக்கவாட்டிலோ பாய்ந்து ஏறிவிட்டால், நீண்ட குழல் கொண்ட ரைபிளைத் திருப்ப இடம் இருக்காது.

அந்தக் கணத்துக்காகவே ‘ஹவுதா பிஸ்டல்’ எனப்படும் அம்பாரித் துப்பாக்கி உருவானது. ரைபிளின் குழலை வெட்டிச் செய்தது போன்ற தோற்றம், பெரும்பாலும் பக்கத்துக்குப் பக்கமாக இரண்டு குழல்கள், சிலவற்றில் 0.577 அங்குலத் தோட்டா, அதாவது ஏறக்குறைய பதினைந்து மில்லிமீட்டர் விட்டம். 1880களில் லண்டனின் சார்லஸ் லங்காஸ்டர் நிறுவனம் நான்கு குழல்கள் கொண்ட வகையைச் செய்தது. குறி பார்த்துச் சுடுவதற்கான கருவி அன்று அது. கை நீட்டும் தூரத்தில், யானை தன் உடலைக் குலுக்கிக்கொண்டிருக்கும்போது, ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை சுடுவதற்கானது. மறுபடி நிரப்ப நேரம் கிடைக்கும் என்று அதைச் செய்தவர்களும் நம்பவில்லை. இரண்டாவது குழல் இருப்பதற்குக் காரணமே அதுதான்.

இதை எவரும் நாள்முழுதும் இடுப்பில் அணிந்து நடக்க வேண்டியிருக்கவில்லை. அக்காலத்து இரட்டைக்குழல் கைத்துப்பாக்கிகள் சிலவற்றின் பக்கவாட்டில் இடைவாரில் மாட்டும் எஃகுக் கொக்கி இருந்தது உண்மை. ஆயினும் இந்த ஆயுதத்தின் இயல்பான இடம் அம்பாரியின் உட்புறம், வலக்கைக்கு எட்டும் தொலைவு. எடை யானையின் முதுகில். துடைத்து எண்ணெயிட்டுத் தோட்டா நிரப்பி வைக்கும் உழைப்பு உதவியாளரின் கையில். வேட்டைக்காரரின் பங்கு, எடுத்து விசையை அழுத்துவது. அதனால்தான் அதை அத்தனை பெரிதாகவும் முரட்டுத்தனமாகவும் செய்ய முடிந்தது. சுமப்பவர் வேறு, சுடுபவர் வேறு என்று ஆகிவிட்டால், எடையைக் குறைக்கவேண்டிய கட்டாயம் வடிவமைப்பாளருக்கு இல்லாமல் போகிறது. ஆயுத வடிவமைப்பில் உழைப்புப் பிரிவினை நேரடியாகப் பதிவாகியிருக்கும் இடங்களுள் இது தெளிவான ஒன்று.

இதில் இன்னொருவர் இருக்கிறார். புலி யானையின் தலையை நோக்கிப் பாய்ந்தால் அது முதலில் எதிர்கொள்வது அம்பாரியில் இருப்பவரை அன்று. யானையின் கழுத்தில் கால்களை மடக்கி அமர்ந்திருக்கும் பாகனை. அவருடைய கையில் இருந்தது அங்குசம். அம்பாரித் துப்பாக்கி அவரையும் காப்பதற்குத்தானே என்று வாதிடலாம். காத்திருக்கவும் கூடும். ஆனால் அந்தத் துப்பாக்கி இருந்த இடமும் அவர் இருந்த இடமும் ஒன்றல்ல. அவருடைய தலைக்கு மேலாகவோ தோளுக்குப் பக்கமாகவோதான் அது சுடப்பட வேண்டும். பாதுகாப்புக் கருவி எங்கே வைக்கப்பட்டது என்பது, யாருடைய பாதுகாப்பு முதலில் எண்ணப்பட்டது என்பதற்கான சான்று. இதற்கு வேறு ஆவணம் தேவையில்லை.

தரையில் நடந்து வேட்டையாடிய இடங்களில் யானைக்குப் பதில் மனிதத் தோள்கள். சாமுவேல் பேக்கர் 1854இல் வெளியிட்ட இலங்கை வேட்டை நூலில், யானைகளை எதிர்கொள்ளும்போது கூடுதல் துப்பாக்கிகளோடு பின்தொடரும் சுமப்போர் திரும்பத் திரும்ப வருகின்றனர். ஒன்றைச் சுட்டதும் கையை நீட்டினால் அடுத்தது வந்து சேர வேண்டும் என்பது ஏற்பாடு. தோட்டாவை வாய்வழி இடித்து நிரப்பிய காலத்தில், ஓடாமல் நிற்கும் ஒரு சுமப்போர் இல்லாமல் அத்தகைய வேட்டையே இயலாது. பெரிய கைத்துப்பாக்கி என்ற தேவை எழுவதே, பின்னால் நிற்க வேண்டியவர் அங்கே நிற்காமல் போகலாம் என்ற ஐயத்திலிருந்துதான் என்றுகூடச் சொல்லலாம். ஒரு வகையில் அது கூலிக்கு வந்தவர்மீது வைத்த அவநம்பிக்கையின் வடிவம்.

சட்டம் இதைவிட வெளிப்படையாகப் பேசியது. 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம், உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. அதன்கீழ் வந்த விதிகள் ஐரோப்பியர்களுக்கு விலக்களித்தன. சுதேச மன்னர்கள் போன்ற சிலருக்கும் விலக்கு கிடைத்தது. இனத்தை அடிப்படையாகக் கொண்ட அந்த விலக்கு முதல் உலகப் போருக்குப் பின்னரே மாற்றப்பட்டது. ஆக, காடு முழுவதும் துரையின் துப்பாக்கியைச் சுமந்தவர், துடைத்தவர், நிரப்பியவர், அதே துப்பாக்கி ஒன்றைத் தன் வீட்டில் தன் பெயரில் வைத்துக்கொள்ள வேண்டுமானால் உரிமம் கேட்டு நிற்க வேண்டும். சுமக்க உரிமை உண்டு, வைத்திருக்க இல்லை. தமிழ் வினைச்சொற்களின் வேறுபாடு இங்கே சட்ட வேறுபாடாகவே ஆகிவிடுகிறது.

குடகு இதற்கு ஒரு விலக்கு. குடவர்களுக்கும் ஜம்மா நிலம் உடையோருக்கும் பிரிட்டிஷார் அளித்த உரிம விலக்கு இன்றுவரை தொடர்கிறது. 2019இல் மத்திய அரசு அதை 2029வரை நீட்டித்தது. அதை எதிர்த்த வழக்கில் 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விலக்கை ஏற்றது. ஆனால் இப்பேச்சுக்குக் குடகிலிருந்து கிடைக்கும் நல்ல பாடம் துப்பாக்கியில் இல்லை, கத்தியில் இருக்கிறது. குடவர் மரபுடையில் இரண்டு வெட்டுக்கருவிகள் உண்டு. சிறிய பீச்சேகத்தி முன்பக்கம் இடைக்கச்சையில் செருகப்படும். அகன்று வளைந்த பெரிய ஒடிக்கத்தி முதுகுப்புறம், இடுப்பில் கட்டிய உலோகப் பிடிப்பில், உறையின்றி மாட்டப்படும். சிறியது முன்னே, பெரியது பின்னே. இரு கைகளும் விடுதலை. நடையில் தொடையைத் தட்டாது, உட்கார்ந்தால் வயிற்றைக் குத்தாது, கையைப் பின்னே கொண்டுபோனால் பிடி கிடைக்கும். பல தலைமுறைகள் காட்டுப் பாதையில் நடந்து கண்ட தீர்வு என்பது பார்த்தாலே தெரியும்.

குதிரைமீது சென்றவர்களும் பெரிய கைத்துப்பாக்கியின் எடையை விலங்கிடமே ஒப்படைத்தனர். 1847இல் சாமுவேல் கோல்ட்டும் டெக்சாஸைச் சேர்ந்த சாமுவேல் வாக்கரும் சேர்ந்து வடிவமைத்த வாக்கர் ரிவால்வர் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல் எடையுள்ளது. அது போர்க்கருவி, சேணத்தின் முன்புறம் இருபக்கமும் தொங்கும் இரண்டு உறைகளில் வைக்கப்பட்டது. குதிரையிலிருந்து விழுந்தவர் ஆயுதத்தையும் இழந்தார் என்பது அம்முறையின் பெரிய குறை. பிற்காலத்தில் எடை குறைந்த ரிவால்வர்கள் வந்ததும் அவை சேணத்திலிருந்து இடுப்புக்கு இடம் மாறின.

சுமப்பவரும் இல்லை, யானையும் இல்லை, குதிரையும் பெரும்பாலும் இல்லை என்றான பிறகுதான், பெரிய கைத்துப்பாக்கியை மனித உடலில் எங்கே வைப்பது என்ற கேள்வி முழு வடிவில் எழுந்தது. அது எழுந்த இடம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள். ஐடஹோவில் மாட்டுப்பண்ணைக்காரராகவும் வேட்டை வழிகாட்டியாகவும் வாழ்ந்த எல்மர் கீத், ரிவால்வரில் மான் வகைகளை வீழ்த்தப் போதுமான தோட்டா வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் எழுதி வந்தார். 1955ஆம் ஆண்டின் இறுதியில் 0.44 மேக்னம் உருவானதில் அவர் பங்கு பெரிது. ஆறரை அங்குலக் குழல் கொண்ட அந்த ரிவால்வர் ஏறத்தாழ 1.35 கிலோ. துப்பாக்கியைப் பற்றி எழுதியதற்குச் சற்றும் குறையாத அக்கறையோடு அவர் தோல் உறைகளைப் பற்றியும் எழுதினார். சுமந்து பார்த்தவரின் எழுத்து அப்படித்தான் இருக்கும். 1967இல் தாம்ஸன் சென்டர் நிறுவனத்தின் கன்டெண்டர் வந்தது: ஒரே தோட்டா, நடுவில் மடியும் அமைப்பு, மாற்றிக்கொள்ளத்தக்க குழல்கள், மேலே தொலைநோக்கி. 1983இல் வயோமிங்கின் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் நிறுவனம் 0.454 கசுல் ரிவால்வரை வெளியிட்டது. ஒவ்வொன்றும் சுமக்கக் கடினமானது.

உடலில் இடுப்பெலும்பைப் போல எடையைத் தாங்கும் இடம் வேறில்லை. குடத்தை அங்கே வைப்பதும் அதனால்தான். ஆகவே வலக்கைக்காரர் வலப்பக்க இடைவாரில் உறையை மாட்டுவது இயல்பான முதல் தெரிவு. அகலமான தடித்த வார் இருந்தால் ஒன்றரைக் கிலோகூட மாலைவரை தாங்கும். சிக்கல் நீளத்தில் வருகிறது. எட்டு அங்குலக் குழல், கீழே அமர்ந்தால் தரையில் முட்டும். வாகனத்தில் ஏறினால் இருக்கையில் குத்தும். அடர்ந்த புதரில் கிளையோடு பின்னிக்கொள்ளும். உறையிலிருந்து முழுக் குழலையும் வெளியே எடுக்க முழங்கை தோளுக்கு மேலே போக வேண்டும். மழை மேலாடை போட்டால் எல்லாம் அதற்கடியில் மறைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதுகுப்பையின் இடுப்புப் பட்டையும் அதே இடத்தைத்தான் கேட்கிறது. இரண்டு சுமைகளும் ஒரே எலும்புக்குப் போட்டியிடும்போது, பலநாள் நடைப்பயணத்தில் தோற்பது பெரும்பாலும் துப்பாக்கிதான். அது பைக்குள் போய்விடும். பைக்குள் போன துப்பாக்கி எடை மட்டுமே, ஆயுதம் அன்று.

இடப்பக்கம் சாய்த்து வைத்து வலக்கையால் குறுக்கே எடுக்கும் முறை குதிரையில் செல்பவருக்கும் மரத்தின்மேல் அமர்ந்து காத்திருப்பவருக்கும் வசதி. ஆனால் எடுக்கும்போது குழல்முனை அரைவட்டமாகச் சுழன்று பக்கத்தில் நிற்பவரைக் கடந்துவிட்டுத்தான் முன்னே வரும். துணையோடு நடப்பவருக்கு இது சிறிய குறை அன்று. அக்குளின் கீழ்த் தொங்கும் தோள் உறை, குளிர்நாட்டில் தடித்த மேலாடைக்குள் ஆயுதத்தை உலர்வாக வைக்கும். பதிலுக்குக் கழுத்தோரம் வார் அறுக்கும். ஒரு தோளில் இரண்டு கிலோவைத் தொங்கவிட்டு நடந்தவர் நடை மாலைக்குள் கோணலாகிவிடும். தொலைநோக்கி பொருத்திய பதினான்கு அங்குலக் கன்டெண்டரை வைக்க உறையே கிடையாதென்று பலர் வார் கட்டித் தோளில் மாட்டுகின்றனர். இவ்வளவுக்கு ரைபிளையே கொண்டுவந்திருக்கலாமே என்று எவரும் கேட்கலாம், கேட்கத்தான் செய்கின்றனர்.

அலாஸ்காவில் நிலைபெற்ற தீர்வு மார்பு உறை. அதன் முன்னோடி இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை பயன்படுத்திய எம்3, எம்7 தோள் உறைகள். விமானத்திலும் டாங்கியின் குறுகிய உட்புறத்திலும் இடுப்பு உறை எங்கும் சிக்கிக்கொள்வதால் அவை ஆயுதத்தை நெஞ்சோரத்துக்கு நகர்த்தின. அதையே இன்னும் நடுவுக்குக் கொண்டுவந்து, விலாவுக்கு மேல் குறுக்காகச் சாய்த்து, ஒரு வார் தோளைச் சுற்றியும் மற்றொன்று முதுகைச் சுற்றியும் வருமாறு அமைத்ததே இன்றைய மார்பு உறை. சால்மன் மீனுக்காக இடுப்பளவு ஆற்றில் நிற்பவருக்குத் துப்பாக்கி நனையாது. முதுகுப்பையின் பட்டைகளோடு மோதாது. மேலாடைக்கு வெளியே இருக்கும். வலக்கை அடிபட்டால் இடக்கைக்கும் எட்டும். கீழே மல்லாந்து விழுந்தாலும் கைக்கு எட்டும் என்பதே பலர் அதைத் தேர்வதற்கான காரணம். கரடி தாக்கும்போது மனிதர் நின்றுகொண்டிருப்பார் என்ற உறுதி இல்லை. குறையும் உண்டு. தவழ்ந்து விலங்கை நெருங்க முடியாது. ரைபிளின் கட்டையைத் தோளில் ஊன்றும்போது இடிக்கும். இருகண் தொலைநோக்கியின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும்.

உறை எங்கே இருந்தாலும் சில தேவைகள் மாறுவதில்லை. விசையை உறை முழுமையாக மூடியிருக்க வேண்டும். தலைகீழாகக் கவிழ்ந்தாலும் துப்பாக்கி விழாதபடி ஒரு பட்டை வேண்டும். அதைக் கட்டைவிரல் ஒரே அசைவில் விடுவிக்க வேண்டும். பழைய ஒற்றைச் செயல் ரிவால்வர்களில் சுத்தியல் விழும் இடத்தில் தோட்டா இருந்தால், கல்லில் மோதியே அது வெடிக்கக்கூடும். அதனால் ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, வெற்றறையின்மேல் சுத்தியலை இறக்கி வைப்பது நெடுங்கால வழக்கம். ரூகர் நிறுவனம் 1973இல் இடைமறிக்கும் உலோகப் பட்டை ஒன்றைச் சேர்த்த பிறகே அவ்வகையில் ஆறையும் அச்சமின்றி நிரப்ப முடிந்தது. நாள்முழுதும் சுமப்பதற்கான வழக்கங்கள் இப்படித்தான் பொறியியலுக்குள் புகுகின்றன. பொருளும் முக்கியம். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் உடலுக்கேற்ப வளைந்து கொடுக்கும், ஓசை செய்யாது. ஆனால் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு எஃகில் துரு ஏற்றும். வெப்பத்தில் வார்த்த நெகிழி உறை நீரைக் குடிக்காது. கிளை உரசினால் மட்டும் காடு முழுவதும் கேட்கும்.

இத்தனை ஏற்பாடும் உண்மையில் எவ்வளவு உதவுகிறது? டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, 1883 முதல் 2009வரை அலாஸ்காவில் துப்பாக்கி தொடர்புடைய 269 கரடி–மனித மோதல்களைத் தொகுத்துப் பார்த்தது. கைத்துப்பாக்கி பயன்படுத்தியவற்றில் 84 விழுக்காடும் நீள்துப்பாக்கி பயன்படுத்தியவற்றில் 76 விழுக்காடும் வெற்றி. இரண்டுக்கும் இடையே புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இந்த எண்களை மட்டும் மேற்கோள் காட்டுவோர் அதே ஆய்வின் மற்றொரு முடிவைத் தவிர்த்துவிடுகின்றனர். நெருங்கிய மோதல்களில் துப்பாக்கி வைத்திருந்து சுட்டவர்களுக்கும், வைத்திருந்தும் சுடாதவர்களுக்கும் காயம் ஏற்பட்ட அளவில் வேறுபாடு காணப்படவில்லை. தோல்விக்கான காரணங்களின் பட்டியல் இன்னும் கவனத்துக்குரியது. செயல்பட நேரம் கிடைக்கவில்லை, கரடி மிக அருகில் வந்துவிட்டது, பாதுகாப்புப் பூட்டு விடுவிக்கப்படவில்லை, இயந்திரக் கோளாறு, குறி தவறியது. இவற்றுள் தோட்டாவின் ஆற்றல் போதவில்லை என்பது முதன்மையாக இல்லை. நேரம்தான் முன்னே நிற்கிறது. பழுப்புக் கரடி மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் ஓடக்கூடியது. முப்பது மீட்டரைக் கடக்க அதற்கு இரண்டு நொடி போதும். அந்த இரண்டு நொடிக்குள் பட்டையை விடுவித்து, நீண்ட குழலை உறையிலிருந்து உருவி, உயர்த்தி, சுட வேண்டும். பெரிய தோட்டாவுக்காக நீட்டிய குழலே அந்த நொடிகளைத் தின்கிறது.

இத்தகைய தரவுகளில் ஒரு சாய்வு இருப்பதை மாணவர்கள் உடனே காண்பர். உறையிலிருந்து எடுக்காமலே முடிந்த சந்திப்புகளும், யாருக்கும் எதுவும் நேராத சந்திப்புகளும் பதிவேட்டுக்கு வருவது அரிது. அதே ஆய்வாளர்கள் 2008இல் கரடிகளுக்கான மிளகாய்த் தெளிப்பானைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், நெருங்கிய மோதல்களில் அதைப் பயன்படுத்தியவர்களுள் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பினர் என்று கண்டனர். இரண்டு தொகுப்புகளையும் நேருக்கு நேர் ஒப்பிடுவதில் எச்சரிக்கை வேண்டும், சூழல்கள் ஒன்றல்ல. எனினும் தெளிப்பானுக்குச் சாதகமாக ஒன்று தயக்கமின்றிச் சொல்லலாம். அது சில நூறு கிராம்தான். மார்பிலோ இடைவாரிலோ அதை மாட்டிக்கொண்டவர், நாளின் இறுதியிலும் அதைக் கழற்றிப் பைக்குள் போட விரும்புவதில்லை.

இந்தியாவில் வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடும் 1991இல் அதற்கு வந்த திருத்தத்தோடும் ஏறக்குறைய முற்றிலும் முடிந்துபோன கதை. அம்பாரித் துப்பாக்கிகள் ஏலக்கூடங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இருக்கின்றன. அவற்றின் விவரக்குறிப்பில் பொதுவாகச் செய்தவர் பெயர், குழல் அளவு, ஆண்டு இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் உடைமையாளர் பெயரும் இருக்கும். பின்னறையில் அமர்ந்து அதை நிரப்பி வைத்தவரின் பெயர் அங்கே வருவதற்கு வழியே இல்லை, ஏனெனில் அது முதலிலேயே எங்கும் எழுதப்படவில்லை.

ஆனால் காட்டில் நடப்பவர்கள் இருக்கின்றனர். யானையும் கரடியும் உள்ள காடுகளில் விலங்குக் கணக்கெடுப்புக்கு நேர்கோட்டுப் பாதைகளில் அதிகாலையில் செல்லும் ஆய்வு மாணவர்கள் துப்பாக்கி கொண்டு செல்வதில்லை. அவர்களின் மார்பில், அலாஸ்காவில் உறை இருக்கும் அதே இடத்தில், இருகண் தொலைநோக்கி இருக்கிறது. கழுத்தை அறுக்காதபடி முதுகில் குறுக்காகச் செல்லும் அதன் வாரும் மார்பு உறையின் வாரைப் போலவே அமைந்தது. இடுப்பில் தூரமானி, கையில் திசைகாட்டி, சட்டைப்பையில் படிவம். அவர்களுக்கு முன்னே, பல இடங்களில், அந்த ஊரைச் சேர்ந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் வெட்டுக்கத்தியோடு நடக்கிறார். யானையின் வாடையை முதலில் அறிபவர் அவர். கையை உயர்த்தி நிறுத்துபவர் அவர். கரடி புதருக்குள் இருந்தால் அதற்கு மிக அருகில் இருப்பவரும் அவரே.

அந்தப் படிவத்தில் நாள், நேரம், பாதை எண், விலங்கு, கூட்டத்தின் அளவு, தொலைவு, கோணம் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருக்கும். பார்வையாளர் பெயருக்கும் பொதுவாக ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரு பெயர் எழுதப்படுகிறதா, இரண்டு பெயர்கள் எழுதப்படுகின்றனவா என்பது ஒவ்வொரு குழுவின் வழக்கத்தைப் பொறுத்தது.